பாட்டில் நீங்களே கொண்டு வாருங்கள்: லண்டன் ‘பிரைட் யங் பீப்பிள்’ கூட்டத்தின் வரவுசெலவு

கேள்வி இதுதான்: முதல் உலகப் போர் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் லண்டனில் ‘பிரைட் யங் பீப்பிள்’ என்று ஒரு பணக்காரப் பிள்ளைகள் கூட்டம் விடிய விடியக் குடித்து ஆடியதே, அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அவர்கள் காதல், கல்யாணம் எல்லாம் ஏன் அப்படி உடைந்தது? 1931-க்குப் பிறகு எங்கே போனார்கள்?

முதலில் ஒரு திருத்தம். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் காசே கிடையாது. பிரபு பட்டம் இருந்தது, வீட்டுப் பெயர் இருந்தது, நல்ல பள்ளியில் படித்த நாக்கு இருந்தது. ரொக்கம் இல்லை. அந்தப் பார்ட்டிகளின் வடிவமே இந்த இல்லாமையிலிருந்து வந்தது என்பது என் கட்சி.

சொத்து இருந்த வீடுகளிலும் அது பிள்ளைகள் கைக்கு எட்டாது. நிலமும் மாளிகையும் மூத்த மகனுக்கு. அதுவும் விற்க முடியாதபடி குடும்ப ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடக்கும். இளைய மகன்களுக்கும் பெண்களுக்கும் வருஷப்படி ஒரு தொகை. போருக்குப் பின் அந்தப் படியும் ஆட்டம் கண்டது. 1919-இல் பெரிய சொத்துகளுக்கு மரண வரி 40 சதவீதமாக ஏறியது. போரில் மகனும் அடுத்தாற்போல் அப்பாவும் இறந்த வீடுகள் என்ன ஆயின என்று சொல்ல வேண்டியதில்லை. லண்டனின் பெரிய மாளிகைகள் ஒவ்வொன்றாக இடிபட்டன: டெவன்ஷயர் ஹவுஸ் 1924-இல், டார்செஸ்டர் ஹவுஸ் 1929-இல். தாத்தா காலத்து நடன விருந்துக்கு வேண்டிய கூடம், வேலையாட்கள், சமையல்கட்டு எதுவும் பேரப்பிள்ளைகளிடம் மிச்சமில்லை.

அப்படியானால் எதில் ஓடியது? கடனில். துணிக்கடை, பூக்கடை, ஒயின் கடை எல்லாவற்றிலும் பற்று எழுதிக்கொள்வார்கள். மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். 21 வயது நிரம்பாதவர்களுக்கு ஒரு சட்டக் கவசமும் உண்டு. 1874-ஆம் ஆண்டுச் சட்டப்படி மைனருக்குக் கொடுத்த கடன் செல்லாது. அந்தஸ்துக்கு அவசியமான பொருளுக்கு மட்டும்தான் காசு கேட்க முடியும். நம் சட்டக் கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கமான நாஷ் எதிர் இன்மன் வழக்கு (1908) இதே சங்கதிதான். கேம்பிரிட்ஜில் படித்த பையன் பதினொரு அலங்கார வெயிஸ்ட்கோட் உட்பட 120 பவுண்டுக்கு மேல் தைத்துக்கொண்டான். அப்பா ஏற்கெனவே போதுமான உடுப்பு வாங்கிக் கொடுத்திருந்ததால் தையல்காரர் தோற்றார். ஜமீன் வீட்டு ஊதாரிப் பையனை நாம் ‘மைனர்’ என்று சொல்வதும் இதே சட்டச் சொல்தான், கழுத்துச் சங்கிலி வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

21 தாண்டியதும் கவசம் போகும், வட்டிக்கடைக்காரர் வருவார். அப்பா இறந்தால் சொத்து வரும் என்ற நம்பிக்கையின் மேல் கடன் கொடுப்பதே ஒரு தொழிலாக இருந்தது. 1927-ஆம் ஆண்டு லேவாதேவிச் சட்டம், ஆண்டுக்கு 48 சதவீதத்துக்கு மேல் வட்டி போனால் அது அதிகப்படி என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றது. கேட்காதவர்களுக்குக் கடன் விளம்பரக் கடிதம் அனுப்பவும் தடை போட்டது. இப்படி ஒரு தடை தேவைப்பட்டது என்பதிலிருந்தே அதுவரை நடந்ததை ஊகிக்கலாம்.

இனி பார்ட்டிக் கணக்கு. நம் ஊர்க் காசில் பார்க்க ஒரு அளவுகோல்: 1927 முதல் ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டு 13 ரூபாய் 5 அணா சொச்சம். லண்டனில் ஒரு பாட்டில் விஸ்கி பன்னிரண்டரை ஷில்லிங், ஏறத்தாழ எட்டேகால் ரூபாய். பெரும்பங்கு வரிதான். இருநூறு பேருக்கு ஊற்றுவதென்றால் பார்ட்டி கொடுப்பவர் தலையில் துண்டுதான். ஆகவே வந்தது ‘பாட்டில் பார்ட்டி’. அழைக்கப்பட்டவர் அவரவர் பாட்டிலோடு வரவேண்டும்; கூப்பிட்டவர் செலவு இடம், இசைக்குழு, ஐஸ், கொஞ்சம் சாப்பாடு. இடமும் இரவலாகக் கிடைத்தால் இன்னும் லாபம்.

இதில் செலவு மிச்சம் ஒரு பாதி, சட்டம் மறுபாதி. 1921-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி லண்டனில் இரவு 11 மணிக்கு மது விற்பனை நிற்க வேண்டும். சாப்பாட்டோடு என்றால் கொஞ்சம் கூடுதல் நேரம். சட்டம் தடுத்தது விற்பனையை. சொந்த பாட்டிலை நண்பர் கொடுக்கும் விருந்துக்குக் கொண்டுபோய் விடியற்காலை நாலு மணிக்குக் குடித்தால் விற்பனை எங்கே நடந்தது? போலீஸ் உள்ளே வந்தாலும் கேஸ் போட இடமில்லை. 1930-களில் இந்த ஓட்டையையே கிளப் நடத்துபவர்கள் வியாபாரமாக்கினார்கள். ‘அழைப்பிதழ்’ அச்சடித்து, முன்கூட்டியே ஆர்டர் கொடுத்த பாட்டில் என்று கணக்கு எழுதி, இரவுக் கடையிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார்கள். இப்போது எங்காவது ‘பாட்டில் நீங்களே கொண்டு வாருங்கள்’ என்று போட்டிருந்தால் அதற்குப் பின்னால் இந்தப் பழைய தந்திரம் இருக்கிறது.

ஓட்டையைத் தேடாமல் நேரடியாகச் சட்டத்தை மீறியவர் கேட் மெய்ரிக். ஜெரார்ட் தெருவில் 43-ஆம் எண் கட்டடத்தில் ‘43 கிளப்’ நடத்தினார். டாக்டரைக் கட்டிப் பிரிந்தவர். கிளப் வருமானத்தில் மகன்களை ஹாரோ, மகள்களை ரோடீன் என்று பணக்காரப் பள்ளிகளில் படிக்க வைத்தார். நேரம் கடந்து மது விற்றதற்காக 1924-இல் முதல் சிறை. உள்துறை அமைச்சர் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் நைட் கிளப்புகளை ஒழித்தே தீருவேன் என்று நின்ற காலம் அது. அவருடைய போலீஸிலேயே ஜார்ஜ் கோடார்ட் என்றொரு சார்ஜென்ட், சோஹோ பகுதி கிளப்புகளை வேவு பார்ப்பது அவர் வேலை. வாரச் சம்பளம் ஏழு பவுண்டுக்கும் கீழே, பெட்டகத்தில் இருந்ததோ சுமார் 12,000 பவுண்டு. 1929 ஜனவரியில் அவருக்கு 18 மாதம், லஞ்சம் கொடுத்த மெய்ரிக்குக்கு 15 மாதம், இரண்டும் கடுங்காவல். இதற்குள் மெய்ரிக்கின் மகள்களில் ஒருத்தி டி கிளிஃபர்ட் பிரபுவையும் இன்னொருத்தி கினூல் பிரபுவையும் கட்டியிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் பிரபுக்கள், அம்மா ஹாலோவே சிறையில்.

இந்தக் கூட்டம் முதன்முதலில் பெயர் வாங்கியது குடியில்லாத ஒரு விளையாட்டில்: புதையல் வேட்டை. ஜீட்டா, டெரசா யங்மன் சகோதரிகளும் எலினோர் ஸ்மித்தும் தோழிகளும் முதலில் பஸ்ஸிலும் பாதாள ரயிலிலும் ஒருவரையொருவர் துரத்தி விளையாடினார்கள். பிறகு கார் வந்தது. நடுநிசியில் ஓரிடத்தில் கூடுவார்கள், கையில் ஒரு புதிர்ச் செய்யுள். அதை அவிழ்த்தால் அடுத்த இடம், அங்கே அடுத்த புதிர். ஒருமுறை ஹோவிஸ் கம்பெனி ரொட்டிக்குள் புதிரை வைத்துச் சுட்டார்கள். இன்னொருமுறை புதிருக்கென்றே ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழின் பொய்ப் பதிப்பு அச்சானது. உரிமையாளர் பீவர்புரூக் பிரபு தெரிந்தவர்தான். செலவைக் கவனியுங்கள்: ரொட்டியும் அச்சும் அடுத்தவர் தொழிற்சாலையில், இவர்களுக்குப் பெட்ரோல் மட்டும். சாலையில் வேக வரம்பு மணிக்கு 20 மைல், ஆனால் ஓட்டுநர் தேர்வு என்ற ஒன்றே அப்போது கிடையாது, அது 1935-இல்தான் கட்டாயமானது. கட்டணம் கட்டினால் லைசென்ஸ். 1924 ஜூலையில் ‘டெய்லி மெயில்’ இதை எழுதியதும் பெயர் ஊரெங்கும் பரவியது, வேட்டையின் ருசி போய்விட்டது. யார் வேண்டுமானாலும் காரை எடுத்துக்கொண்டு பின்னால் வரத் தொடங்கினால் அது ஊர்வலம்தானே.

எலினோரின் அப்பா பிர்க்கன்ஹெட் பிரபு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1924 முதல் 1928 வரை பிரிட்டிஷ் அரசில் இந்தியா மந்திரி. சைமன் கமிஷன் அவர் காலத்து ஏற்பாடு. 1928 பிப்ரவரியில் சென்னைத் தெருக்களில் ‘சைமனே திரும்பிப் போ’ என்று கத்தியவர்கள் கத்தியது கடைசியில் இந்த வீட்டுக்குத்தான்.

உச்சம் 1928, 1929 கோடைகள். ஒரு பார்ட்டியைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1928 ஜூலை 13, பக்கிங்ஹாம் பேலஸ் சாலையில் செயின்ட் ஜார்ஜ் பொதுக் குளியல் கூடம், ‘பாத் அண்ட் பாட்டில் பார்ட்டி’. கூப்பிட்டவர்கள் நாலு பேர்: பேப் பிளங்கெட் கிரீன், எலிசபெத் பொன்சன்பி, எட்வர்ட் கதோர்ன்-ஹார்டி, பிரையன் ஹோவர்ட். குளியல் உடை, ஒரு துண்டு, ஒரு பாட்டில் கொண்டு வரவேண்டும். குளத்துத் தண்ணீரை லேசாகச் சூடாக்கியிருந்தார்கள். தண்ணீரில் ரப்பர் குதிரைகளும் பூக்களும் மிதக்க, மேலேயிருந்து வண்ண விளக்கு. கறுப்பின இசைக்குழுவின் ஜாஸ். மேல்மாடத்தில் காக்டெயில் கலக்கியவர்கள் வெக்கை தாங்காமல் தாங்களும் குளியல் உடைக்கு மாறிவிட்டார்கள். வந்தவர்களில் பலர் இரண்டு மூன்று குளியல் உடை கொண்டுவந்து மாற்றி மாற்றிப் போட்டார்கள். பொதுக் குளியல் கூடம் இரவில் எப்படியும் காலிதான். நாலு பேர் பங்கு போட்டால் வாடகை பெரிய தொகையாக இருந்திருக்காது. குடி வந்தவர்கள் பொறுப்பு. ஆனால் பத்திரிகைகள் மறுநாள் கொந்தளித்ததைப் பார்த்தால் கஜானாவையே கொட்டியதாகத் தோன்றும்.

பத்திரிகைதான் இந்த எந்திரத்தின் மறுபாதி. ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ஸில் டாம் டிரைபெர்க், ‘டெய்லி ஸ்கெட்ச்’சில் பாட்ரிக் பால்ஃபோர், ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ஸில் காஸ்ல்ரோஸ் பிரபு. கிசுகிசு எழுதியவர்களே அதே பார்ட்டியில் ஆடியவர்கள். பால்ஃபோர் ஒரு பிரபு பட்டத்துக்கு வாரிசு. நண்பர்களைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்குவார், நண்பர்களுக்கும் பெயர் வரும். யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம். பெயர் வந்ததால்தான் துணிக்கடை பற்றும் தொடர்ந்தது.

கோளாறு எங்கே வந்தது என்றால் வாசலில். அழையா விருந்தாளிகள் பாட்டிலும் கொண்டு வரமாட்டார்கள், குடிப்பதிலும் குறை வைக்கமாட்டார்கள். 1928 ஜூலையில் பிரிட்ஜ்வாட்டர் ஹவுஸில் எல்ஸ்மியர் சீமாட்டி கொடுத்த நடன விருந்தில் நுழைந்த இந்தக் கூட்டத்தார் சிலரை அவரே வெளியேற்றினார். அவர்களில் பிரபு வீட்டு இளைய மகன் ஸ்டீபன் டெனன்ட்டும் ஒருவர். பெயர்கள் பத்திரிகைக்குப் போயின. அதோடு ஒவ்வொரு பார்ட்டியும் முந்தையதை மிஞ்ச வேண்டியிருந்தது. 1929 ஜூலையில் ரட்லண்ட் கேட்டில் எல்லாரும் கைக்குழந்தை வேஷத்தில் தள்ளுவண்டியில் வந்து குழந்தைக் குவளையில் காக்டெயில் குடித்தார்கள். அதே மாதம் உடை வடிவமைப்பாளர் நார்மன் ஹார்ட்னெல் வீட்டில் சர்க்கஸ் பார்ட்டி. இந்த ரகமெல்லாம் எனக்கு அலுப்புத்தான்.

அதே ஜூலையில் நடந்த இன்னொன்று அப்படியில்லை. பிரையன் கின்னஸ் வீட்டில் ‘புரூனோ ஹாட்’ என்ற ஓவியரின் கண்காட்சி. ஜெர்மனியிலிருந்து வந்து சசெக்ஸ் கிராமத்துக் கடையில் கண்டெடுக்கப்பட்ட மேதை என்று கதை கட்டினார்கள். அப்படி ஒருவர் கிடையாது. ஒட்டுமீசையும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கின்னஸின் மைத்துனர் டாம் மிட்ஃபோர்ட். படங்களைத் தீட்டியவர் பிரையன் ஹோவர்ட்; குளியலறையில் போடும் கார்க் மிதியடிகளின் மேல் வரைந்து, கயிற்றைச் சுற்றிச் சட்டம் போட்டார். விவரக் குறிப்பு எழுதியவர் நாவலாசிரியர் எவலின் வா. ஹோவர்டுக்கு உள்ளுக்குள் ஆசை, யாராவது இவற்றை நிஜமாகவே நல்ல ஓவியம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று. கேலி என்ற போர்வை இருந்தால்தான் துணிந்து வைக்க முடியும், தோற்றால் சிரித்துக்கொள்ளலாம். அந்தத் தலைமுறையின் கோளாறு முழுக்க அந்த மிதியடியில் இருக்கிறது.

காதலுக்கு வருவோம். போர் விட்டுப்போன கணக்கு ஒன்று இருந்தது. 1921 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கு மேல் அதிகம். பல வீடுகளில் சுவரில் படமாக ஓர் அண்ணன். ஸ்டீபன் டெனன்ட்டின் அண்ணன் எட்வர்ட் 1916 செப்டம்பரில் சோம் போர்முனையில் இறந்தபோது வயது 19. போருக்குப் போக வயதாகாமல் தப்பியவர்களின் கூட்டம் இது. அவர்கள் எதையும் கனமாக எடுத்துக்கொள்ள மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்யாணத்தை முடிப்பது எளிதில்லை. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கணவன் சோரம் போனான் என்று காட்டினாலே மனைவிக்கு விவாகரத்து கிடைத்தது. ஆனால் இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பது காரணமாகாது. அதனால் ஒரு நாடகம். கணவன் கடற்கரை ஊர் ஹோட்டலில், பெரும்பாலும் பிரைட்டனில், கூலிக்கு அமர்த்திய பெண்ணோடு தம்பதி என்று பதிந்துகொள்வான். இரவு முழுக்கச் சீட்டாடினாலும் சரி, காலையில் பணிப்பெண் தேநீர் கொண்டுவரும்போது இருவரும் கட்டிலில் இருக்க வேண்டும். பிறகு ஹோட்டல் பில்லும் பணிப்பெண் சாட்சியமும் கோர்ட்டுக்கு. இடைக்கால ஆணை வந்தபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இருவரும் பேசிவைத்துச் செய்தது என்று தெரிந்தாலோ, மனைவிக்கும் ஒருவன் இருப்பதை மறைத்ததாக வெளிப்பட்டாலோ, அரசு வக்கீல் குறுக்கே வந்து ஆணையை ரத்தாக்கலாம். நேர்மையாகப் பிரிய விரும்பியவர்கள்தான் அதிகம் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

எவலின் வா 1928 ஜூனில் எவலின் கார்ட்னர் என்ற பிரபு மகளைக் கட்டினார். நண்பர்கள் அவன்-எவலின், அவள்-எவலின் என்றார்கள். மாப்பிள்ளை கையில் காசில்லை என்று மாமியார் கடைசிவரை எதிர்த்தார். 1929 கோடையில் அவன் கிராமத்து விடுதியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க, அவள் லண்டனில் பார்ட்டிகளுக்குப் போனாள். துணைக்கு ஜான் ஹேகேட். ஜூலையில் ஹேகேட்டையே விரும்புவதாகக் கணவனுக்குக் கடிதம் போட்டாள். கல்யாணம் ஆகி ஓராண்டு சொச்சம். பின்னர் வா டெரசா யங்மனை விரும்பி 1933-இல் கேட்டார். அவள் உறுதியான கத்தோலிக்கப் பெண், திருச்சபைக் கணக்கில் அவர் முதல் கல்யாணம் இன்னும் நிற்கிறது, மறுத்துவிட்டாள்.

புரூனோ ஹாட் நடந்த வீட்டுக் கதை இன்னும் பெரியது. பிரையன் கின்னஸ் 1929 ஜனவரியில் டயானா மிட்ஃபோர்டைக் கட்டினார். இந்தக் கூட்டத்தில் நிஜமான பணம் இருந்த வீடுகளில் ஒன்று அது. டயானா 1932-இல் பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியிடம் மனதைப் பறிகொடுத்துப் பிரிந்தார். தவறு தன்னுடையது என்று கோர்ட்டில் ஏற்றுக்கொண்டவர் பிரையன். டயானா-மோஸ்லி கல்யாணம் 1936-இல் பெர்லினில், கோயபல்ஸ் வீட்டில் நடந்தது.

ஆண்களையே விரும்பிய ஆண்களுக்கு இந்த நாடகத்துக்கும் வழியில்லை. 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை கடுங்காவல். வேஷப் பார்ட்டி அவர்களுக்கு நிழல் தந்தது. 1927-இல் ஸ்டீபன் டெனன்ட் ருமேனிய ராணி மேரியாக வந்தால் அது வேஷம், கேஸ் இல்லை. அவருக்கும் போர்க் கவிஞர் சீக்ஃப்ரிட் சசூனுக்கும் இருந்த உறவு 1927 முதல் ஆறாண்டு நீடித்தது. மேலே சொன்ன சில கல்யாணங்களைவிட அதிகம்.

போதைக்கு ஒரு உதாரணம் போதும். பிரெண்டா டீன் பால், ‘பாரனெட்’ என்ற பரம்பரைப் பட்டம் உள்ள வீட்டுப் பெண், வயலின் மேதை வீன்யாவ்ஸ்கியின் பேத்தி. மார்ஃபின் டாக்டர் சீட்டில் சட்டப்படி கிடைக்கும். ஒரு டாக்டரிடம் வாங்குவதை மறைத்து இன்னொருவரிடமும் வாங்குவதுதான் குற்றம். 1931-இல் அதற்காகவே பிடிபட்டார். நன்னடத்தைக் கெடுவை மீறியதால் அடுத்த ஆண்டு சிறை. அவர் உடல் மெலிய மெலியப் பத்திரிகை விற்பனை ஏறியது.

நின்றது எப்படி? ஒரே நாளில் இல்லை. 1930 ஏப்ரலில் ஸ்டீபனின் இன்னோர் அண்ணன் டேவிட் டெனன்ட் கொடுத்த மோஸார்ட் பார்ட்டியிலிருந்து சிலர் பதினெட்டாம் நூற்றாண்டு விக்கும் பட்டுமாக வெளியே வந்து, பிக்காடில்லியில் சாலை தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் துளைக் கருவியைப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றார்கள். பின்னால் தொழிலாளர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு வருஷம் முன்னால் குறும்பு என்று கடந்திருக்கும். 1931 செப்டம்பர் 21-இல் பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த ஏற்பாட்டைப் பிரிட்டன் கைவிட்டது. வேலையில்லாதவர் 25 லட்சத்தைத் தாண்டினர், அவர்களுக்கான உதவித்தொகையில் பத்து சதவீதம் வெட்டு. அந்த நவம்பரில் ஆர்தர் ஜெஃப்ரஸ் ரீஜன்ட்ஸ் பார்க்கில் சிவப்பு-வெள்ளை பார்ட்டி கொடுத்தார்: உடையும் உணவும் அந்த இரண்டு நிறத்திலேயே. கடைசிப் பெரிய பார்ட்டி என்று அதைச் சொல்வது வழக்கம். ரசிக்க ஆளில்லாமல் போன பிறகு பத்திரிகைகளுக்கும் வேறு செய்தி இருந்தது.

யார் கரையேறினார்கள் என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. விற்க ஏதாவது வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். மரவியாபாரி மகன் செசில் பீட்டனுக்குப் பார்ட்டி என்பது புகைப்படத்துக்கு ஆள் பிடிக்கும் இடம். ஹார்ட்னெல்லுக்கு வாடிக்கையாளர் பிடிக்கும் இடம். 1953 முடிசூட்டு விழாவில் எலிசபெத் ராணி போட்டது அவர் தைத்த உடை. வா-வுக்கு எழுதச் சரக்கு. ஹோவர்ட் தன்னைத் தவிர வேறெதையும் செலவழிக்காதவர். 1958-இல் தற்கொலை செய்துகொண்டார்.

எலிசபெத் பொன்சன்பியின் அப்பா ஆர்தர், தொழிற்கட்சி எம்.பி., போரெதிர்ப்பாளர், சிக்கனக்காரர். மகள் பெயர் காலைப் பத்திரிகையில் வரும். கூடவே பில் வரும். பெற்றோர் திரும்பத் திரும்ப அடைத்தார்கள், தங்கள் நாட்குறிப்புகளில் புலம்பினார்கள், மறுபடி அடைத்தார்கள். 1929-இல் டெனிஸ் பெல்லியைக் கட்டிய அந்தக் கல்யாணமும் சில ஆண்டில் முறிந்தது. 1940-இல் குடியால் இறந்தபோது அவளுக்கு நாற்பது நிறையவில்லை.

நிஜமாகப் பணம் இருந்த ஸ்டீபன் டெனன்ட்டுக்குப் பார்ட்டி நின்றதே தெரியவேண்டிய தேவை இருக்கவில்லை. வில்ட்ஷயரில் வில்ஸ்ஃபோர்ட் மாளிகையில் கடைசிப் பல ஆண்டுகளைப் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்து 1987 பிப்ரவரியில் இறந்தார். அந்த அக்டோபரில் சதபீஸ் ஏலக் கம்பெனி வந்து வீட்டுச் சாமான்களுக்கு எண் ஒட்டி விற்றது.